எரிபொருளைப் பிரித்தெடுத்தவர்: எல்லாப்பிரகடா சுப்பாராவ்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, மெக்கானிக்கல் படித்துவிட்டு ஓசூரில் மெயின்டனன்ஸ் பார்க்கிற எனக்கு எழுத என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பம்ப், பேரிங், கன்வேயர், மோட்டார்... இதுதானே நம்ம உலகம்! சரி, மோட்டாரைப் பற்றியே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் இது ஷாப் ஃப்ளோரில் ஓடும் மோட்டார் அல்ல. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஓயாமல் சரக்கு ஏற்றி இறக்கும் மோட்டார். அதற்கான எரிபொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் திருவல்லிக்கேணியில் பள்ளிப் படிப்பை முடித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். யானைக்கால் மருந்து, ஃபோலிக் அமிலம் என்று அவரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் நம்மில் பலர் இருக்கலாம். நான் சொல்ல வருவது அதற்கும் முந்தைய கதை.

சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று பீமவரத்தில் பிறந்தார். அந்த ஊர் இன்று ஆந்திராவில் இருக்கிறது. அன்று சென்னை மாகாணம். குடும்பத்தில் வறுமை. சிறு வயதிலேயே காசிக்குப் போய் யாத்ரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பிய பையன் அவர். பாதி வழியில் பிடித்துக் கொண்டுவந்து, மறுபடியும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்கள். படிப்பு ராஜமகேந்திரவரத்தில் சரியாக ஓடவில்லை. மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோல்வி. மூன்றாம் முறை, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். அரியர் வைத்திருக்கும் தம்பிகள் இந்த வரியை இன்னொரு தடவை படித்துக் கொள்ளலாம்.

பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. அங்கே படிக்கும்போது ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகிவிட வேண்டும் என்ற ஆசை வந்தது. தாயார் ஒப்புக்கொள்ளவில்லை. மருத்துவம் படித்தால் மக்களுக்குத் தொண்டு செய்யலாம் என்ற எண்ணத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கையில் பணம் இல்லை. நண்பர்களும், கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் உதவினார்கள். 1919-ல் அந்த மூர்த்தியின் மகள் சேஷகிரியையே சுப்பாராவ் மணந்து கொண்டார்.

காந்தியின் அழைப்பைக் கேட்டு நாடே கதர் உடுத்திய காலம் அது. சுப்பாராவும் அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி போட்டுக்கிட்டுப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாகவே எழுதியும், எம்.பி.பி.எஸ். என்ற முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். என்ற சின்னப் பட்டத்தோடு அவர் வெளியே வர வேண்டியதாயிற்று. அரசு மருத்துவப் பணியில் சேர முயன்றார்; அதுவும் நடக்கவில்லை. கடைசியில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியராகச் சேர்ந்தார்.

இதற்கு நடுவே குடும்பத்தில் பெரிய இடி விழுந்திருந்தது. ஸ்ப்ரூ என்று ஒரு வெப்பமண்டல நோய். குடலுக்குச் சத்தை உறிஞ்சத் தெரியாமல் போய்விடும். ஓயாத வயிற்றுப்போக்கும் ரத்தசோகையும் ஆளை உருக்கி எடுத்துவிடும். அவருடைய சகோதரர்கள் இருவரை ஒருவர் பின் ஒருவராக, சில நாள் இடைவெளியில் அந்த நோய் கொண்டுபோனது. சுப்பாராவுக்கே கூட அது வந்தது. ஆயுர்வேத வைத்தியத்தில் பிழைத்தார். எந்தப் புத்தகமும் காரணம் சொல்ல முடியாத ஒரு நோய் வீட்டிலேயே இரண்டு பேரைத் தின்றதைப் பார்த்தவருக்கு, மருந்து எழுதிக் கொடுக்கும் வேலை போதவில்லை. காரணத்தைத் தேட வேண்டும் என்று கிளம்பினார். மாமனாரின் பணமும் காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையின் உதவியும் சேர, 1922 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். சில வருஷத்தில் திரும்பி விடுவதாகத்தான் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நீல நிறத்தில் ஒரு தாமதம்

ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது. சாப்பாட்டுக்கு வழி? இந்தியப் பட்டத்தை வைத்துக்கொண்டு அங்கே வைத்தியம் பார்க்க முடியாது. பக்கத்து மருத்துவமனை ஒன்றில் இரவு நேர வார்டு பணியாளராக, நோயாளிகளின் மலச்சட்டி கழுவும் வேலை பார்த்தார். படிப்பு முடிந்ததும் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரிடம் சேர்ந்தார்.

ஃபிஸ்க் கொடுத்த வேலை, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று துல்லியமாக அளக்க ஒரு வழி கண்டுபிடிப்பது. இன்ஜினியர் பாஷையில் சொன்னால், ஒரு நல்ல மீட்டர் செய்ய வேண்டும். பாஸ்பேட் இருக்கும் கரைசலில் அமிலமும் மாலிப்டேட்டும் சேர்த்து, பிறகு ஒரு ஒடுக்கும் வேதிப்பொருளை விட்டால் நீல நிறம் வரும். பாஸ்பேட் கூடினால் நீலமும் கூடும். 1925-ல் வெளியான இந்த ஃபிஸ்க்–சுப்பாராவ் முறையை உயிர்வேதியியல் படிக்கிற பிள்ளைகள் நூறு வருஷம் கழித்து இன்றைக்கும் சோதனைச் சாலையில் செய்து பார்க்கிறார்கள்.

மீட்டர் வந்ததும் அதைத் தசையின் சாற்றில் வைத்துப் பார்த்தார்கள். அங்கேதான் வேடிக்கை. நீலம் வர வேண்டிய நேரத்தில் முழுசாக வரவில்லை. மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனது. நம்மில் பலர் கருவியில் ஏதோ கோளாறு என்று சொல்லி, கடைசி ரீடிங்கை மட்டும் எழுதிக்கொண்டு போயிருப்போம். இவர்கள் அந்தத் தாமதத்தையே பிடித்துக் கொண்டார்கள். தசைக்குள் பாஸ்பேட்டைக் கட்டி வைத்திருக்கும் ஏதோ ஒரு பொருள் அமிலத்தில் மெதுவாக உடைகிறது. அதனால்தான் நிறம் தாமதிக்கிறது. 1927-ல் அந்தப் பொருள் பாஸ்போகிரியாட்டின் என்று அறிவித்தார்கள். 1929-ல் அடுத்ததாக, தசையிலிருந்து அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி.!

நம்ம ஆள் என்பதற்காக நான் கணக்கைக் கூட்டிச் சொல்லக் கூடாது. அதே 1929-ல் ஜெர்மனியில் கார்ல் லோமன் தனியாக அதே பொருளைக் கண்டு, சற்று முந்தியே வெளியிட்டார். ஆக இரண்டு கண்டங்களில், ஒருவரையொருவர் அறியாமல் நடந்த கண்டுபிடிப்பு இது. அந்தப் பொருள் செல்லின் பொது நாணயம் போல எல்லா வேலைக்கும் செலவாகிறது என்று ஃப்ரிட்ஸ் லிப்மன் தெளிவாக எடுத்துச் சொன்னது 1941-ல்தான். பிரித்தெடுத்தபோது அது என்னத்துக்கு என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது.

அந்த எரிபொருள் எங்கே எரிகிறது?

இப்போது மோட்டாருக்கு வருவோம். செல் என்றால் தண்ணீர் நிரப்பிய பை என்றுதான் பள்ளிக்கூடத்தில் படம் போட்டோம். உண்மையில் அதற்குள் ஒரு சட்டகம் இருக்கிறது. செல்லின் எலும்புக்கூடு என்று சொல்வார்கள். எலும்பு போல அசையாமல் நிற்பது அல்ல. ஒரு பக்கம் கட்டிக்கொண்டும் இன்னொரு பக்கம் பிரித்துக்கொண்டும் இருக்கும். சாரம் என்று சொன்னால் பொருத்தம். அதில் 25 நானோமீட்டர் குறுக்களவுள்ள நுண்குழல்கள் நெடுஞ்சாலை மாதிரி செல்லின் நடுவிலிருந்து ஓரம் வரை ஓடும். ஓரத்தில், சவ்வுக்கு அடியில், ஆக்டின் என்ற மெல்லிய இழைகள் வலை மாதிரி பின்னிக் கிடக்கும்.

சுரப்பி செல்லில் தயாராகும் சரக்கு சின்னச் சின்ன நுண்பைகளில் அடைக்கப்படுகிறது. உதாரணத்துக்கு, கணையத்தின் பீட்டா செல் ஒன்றில் இன்சுலின் அடைத்த பைகள் ஏறத்தாழ 10,000 இருக்கும். அவற்றை நுண்குழல் ரோட்டில் இழுத்துப் போகும் மோட்டாருக்குப் பெயர் கைனேசின். அது இரண்டு காலால் நடக்கும் ஒரு புரதம். ஒரு அடிக்கு 8 நானோமீட்டர்; ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஏ.டி.பி. மூலக்கூறு செலவு. நடுப்பக்கம் திரும்பி வருகிற லோடுக்கு டைனின் என்று வேறொரு மோட்டார். ஓரத்து ஆக்டின் சந்துகளில் பையை வாங்கிக்கொண்டு போக மயோசின். எல்லாம் ஓடுவது அதே எரிபொருளில்தான்.

சரக்கு வாசலுக்கு வந்துவிட்டால் போதாது. கேட் திறக்க வேண்டும். நாம் சாப்பிட்டு ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் பீட்டா செல் அந்தச் சர்க்கரையை எரிக்கிறது. உள்ளே ஏ.டி.பி. அளவு ஏறுகிறது. ஏறிய ஏ.டி.பி. சவ்வில் உள்ள பொட்டாசியம் கதவை மூடுகிறது. அதனால் மின்னழுத்தம் மாறி, கால்சியம் கதவு திறக்கிறது. கால்சியம் உள்ளே பாய்ந்ததும், வாசலில் காத்திருந்த பைகள் சவ்வோடு ஒட்டி, இன்சுலினை வெளியே கொட்டுகின்றன. பாருங்கள், இங்கே ஏ.டி.பி. டீசலும் அதுதான், சிக்னல் விளக்கும் அதுதான்! சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் கிளிபென்கிளமைடு மாத்திரை அந்தப் பொட்டாசியம் கதவைத்தான் மூடுகிறது.

ரோடு இல்லாமல் இந்த வேலை நடக்குமா? அதைச் சோதித்துப் பார்க்க உதவியது நமக்குத் தெரிந்த ஒரு செடியின் சரக்குதான். வேலியோரம் தீ நாக்கு மாதிரி பூக்கும் செங்காந்தள், அதாவது கண்வலிக்கிழங்கு. அதில் உள்ள கோல்ச்சிசின் என்ற விஷம் நுண்குழல்களைக் கட்டவிடாமல் தடுத்துவிடும். 1968-ல் பால் லேசி குழுவினர் எலியின் கணையச் செல்களில் அதைச் சேர்த்துப் பார்த்தார்கள். சர்க்கரை கொடுத்தும் இன்சுலின் சுரப்பு குறைந்து போனது. சரக்கு இருக்கிறது, எரிபொருள் இருக்கிறது, ரோடு இல்லை.

அடுத்தது காலிப் பை விஷயம். எங்கள் நாகரசம்பட்டிப் பக்கம் மாங்காய் சீசனில் வாழ்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். கிரேட்டில் லோடு ஏற்றி மாங்கூழ் தொழிற்சாலைக்கு அனுப்புவோம். காலிக் கிரேட் திரும்பி வரலைன்னா மறுநாள் பறிப்பு நிற்கும். அனுப்பின இடத்திலும் கிரேட் மலை மாதிரி குவியும். செல்லிலும் அதே கதைதான். ஒவ்வொரு பையும் சரக்கைக் கொட்டும்போது அதன் சவ்வு செல்லின் வெளிச்சவ்வோடு சேர்ந்துவிடுகிறது. அப்படியே விட்டால் செல் ஊதிக்கொண்டே போகும். உள்ளே பை தீர்ந்துவிடும். அதனால் செல் தன் வெளிச்சவ்வைக் குழி குழியாகக் கிள்ளி உள்ளே இழுத்து, மறுபடி பையாக்கிக் கொள்கிறது. கிருமி தின்னும் மேக்ரோஃபேஜ் செல் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் தன் மேற்பரப்பு முழுவதற்கும் சமமான சவ்வை உள்ளே இழுத்துவிடுகிறது என்று 1976-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். இழுத்ததில் பெரும்பகுதி பழுதில்லாமல் திரும்பவும் மேலே வந்துவிடும்.

இந்த ரிட்டர்ன் நின்றால் என்ன ஆகும் என்பதைக் காட்ட ஒரு பழ ஈ இருக்கிறது. ஷிபிரே என்று பெயர் வைத்த மரபு மாற்ற ஈ. அறை வெப்பத்தில் சாதாரணமாகப் பறக்கும். சுமார் 30 டிகிரிக்கு ஏற்றினால் அப்படியே சுருண்டு விழும். குளிர வைத்தால் எழுந்துவிடும். கிள்ளின குழியை அறுத்துப் பையாக்கும் டைனமின் என்ற புரதம் அந்தச் சூட்டில் வேலை செய்வதில்லை. நரம்பு முனையில் காலிப் பை தீர்ந்து போகிறது; செய்தி நிற்கிறது. டைனமினுக்கு ஜி.டி.பி. என்ற வேறு எரிபொருள். ஆனால் அந்த ஜி.டி.பி.யையும் செல் பெரும்பாலும் ஏ.டி.பி.யிடம் பாஸ்பேட் வாங்கித்தான் நிரப்பிக் கொள்கிறது.

நம் உடம்பில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏ.டி.பி. சுமார் நூறு கிராம் இருந்தால் அதிகம். ஆனால் திரும்பத் திரும்பச் செலவாகி, திரும்பத் திரும்ப நிரம்பி, ஒரு நாளில் கிட்டத்தட்ட நம் உடம்பு எடை அளவுக்குக் கைமாறுகிறது. தொட்டி சின்னதுதான், ஓட்டம்தான் பெரியது.

தெரியாமலே போனவர்

இதில் எதையும் சுப்பாராவ் பார்க்கவில்லை. நுண்குழல்களைத் தெளிவாகக் கண்டு பெயர் வைத்தது 1963-ல். கைனேசினைப் பிடித்தது 1985-ல். பிடித்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எரிக்க முடியாத போலி ஏ.டி.பி. ஒன்றைக் கொடுத்து மோட்டாரை நுண்குழலிலேயே ஒட்டி நிற்க வைத்தார்கள். பிறகு நிஜ ஏ.டி.பி.யை ஊற்றி அவிழ்த்து எடுத்தார்கள். வேல், ரீஸ், ஷீட்ஸ் ஆகியோரின் அந்த ஆராய்ச்சி நடந்த உட்ஸ் ஹோல், சுப்பாராவ் நீல நிறத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற பாஸ்டன் இருக்கும் அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில்தான் இருக்கிறது.

1930-ல் அவருக்கு ஹார்வர்டில் டாக்டர் பட்டம் கிடைத்தது. நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. அவர் பிரித்தெடுத்த சில பொருட்களின் விவரம் ஃபிஸ்க் வெளியிட விடாததால் வெளிச்சத்துக்கே வராமல் போய், பல வருஷம் கழித்து மற்றவர்கள் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று, அதே துறையில் இருந்து பின்னாளில் 1988-ல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பதிவு செய்திருக்கிறார். சுப்பாராவ் சண்டை போட்டதாகவோ, உரிமை கொண்டாடியதாகவோ தெரியவில்லை. பதினேழு பதினெட்டு வருஷம் வேலை பார்த்த இடத்தை விட்டு, 1940-ல் நியூயார்க் பக்கம் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். விரைவிலேயே அங்கே ஆராய்ச்சி இயக்குநர் ஆனார்.

அதன் பிறகு நடந்தது பலரும் அறிந்ததுதான். அவருடைய குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது. ஸ்ப்ரூ நோயாளிகளின் ரத்தசோகைக்கு அது மருந்தானது. தம் வீட்டில் இரண்டு பேரைக் கொண்டுபோன நோய்க்கு, கால் நூற்றாண்டு கழித்து, அவர் கையாலேயே ஒரு பதில் வந்தது. அதே ஃபோலிக் அமிலத்தைக் கொஞ்சம் மாற்றிச் செய்த அமினோப்டெரினைக் கொண்டு பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு முதன்முதலாகத் தற்காலிகக் குணம் காட்டினார். 1948-ல் அதை வெளியிட்டார். அதன் உறவு மருந்தான மெத்தோட்ரெக்சேட் இன்றைக்கும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது. யானைக்கால் நோய்க்கான டை எதில் கார்பமசின் 1947-ல் வந்தது. 2004 முதல் இந்தியா முழுவதும் நோய் உள்ள மாவட்டங்களில் வீடு வீடாகக் கொடுத்தார்களே, அந்த மாத்திரைதான். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசினும் அவர் இயக்குநராக இருந்தபோது பெஞ்சமின் டகர் கண்டதுதான்.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் தப்பு. சில வருஷத்தில் வருவதாகச் சொல்லிப் போனவர் இருபத்தைந்து வருஷமாகியும் திரும்பவே இல்லை. அவர் போன பிறகு பிறந்த மகன் குழந்தையாகவே இறந்து போனான். அவர் முகம் கூடப் பார்க்கவில்லை. சேஷகிரி அம்மாள் காத்திருந்தார். 1948 ஆகஸ்டில், ஐம்பத்து மூன்றாவது வயதில், தூக்கத்திலேயே மாரடைப்பில் சுப்பாராவ் போய்விட்டார். ஊருக்கு வந்தது சேதி மட்டும்தான். அவருடைய வெற்றியை மேடையில் சொல்லும்போது அந்த அம்மாளின் காத்திருப்பை நாம் செலவுக் கணக்கில் எழுதுவதே இல்லை. அதை யார் கொடுத்தார்கள் என்பதையாவது தெரிந்து வைத்திருப்போம்.

1995-ல் நூற்றாண்டை ஒட்டி நம் தபால் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். நோபல் பரிசு கிடைக்கவில்லை. செல்லின் சரக்குப் போக்குவரத்தைத் துலக்கியதற்காக 1974-ல் பலாடே உள்ளிட்ட மூவருக்கும், 2013-ல் ராத்மன், ஷெக்மன், ஸுடோஃப் ஆகியோருக்கும் நோபல் கிடைத்தது. அவர்கள் வரைந்த ரோடு மேப்பில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் ஊற்றும் டீசல், 1929-ல் ஒரு தசைச் சாற்றில் இருந்து வந்ததுதான்.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். புராஜெக்ட் செய்யும்போது, இதனால் என்ன உபயோகம் என்று ரெவ்யூவில் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான், பதிலும் தயாராக வைத்திருங்கள். ஆனால் ரீடிங் எதிர்பார்த்த நேரத்தில் வரவில்லை என்றால் அதை அடித்துவிட்டு கிராஃபில் நேர்கோடு போடாதீர்கள். தாமதமாக வந்த ரீடிங்கையும், வந்த நேரத்தையும், அப்படியே நோட்டில் எழுதி வையுங்கள். தசைச் சாற்றின் நீல நிறம் தாமதமாகத்தான் வந்தது.

— பழைய மாணவர், இயந்திரவியல் துறை
நாகரசம்பட்டி